சுஷியுடன் தரப்படும் ஊறவைத்த இஞ்சி: இளஞ்சிவப்பு நிறம் வருவது எப்படி?

பெங்களூரு: தொம்மலூர், இந்திரா நகர் பகுதிகளில் உள்ள கிழக்காசிய உணவகங்களில் சுஷி வாங்குவோருக்குத் தட்டின் ஓரத்தில் மெல்லிய இதழ்களாகச் சீவிய இஞ்சியும் வைக்கப்படுகிறது. ஜப்பானியர்கள் இதனைக் 'காரி' என்று அழைக்கின்றனர். புதிதாக உண்போர் சிலர் இதனை ஊறுகாய் என எண்ணிச் சுஷியின் மீது வைத்து உண்கின்றனர். நம் வழக்கில் ஊறுகாய் சோற்றுக்குச் சுவை கூட்டுவது. காரியோ ஒரு மீனின் சுவையை நாவிலிருந்து அகற்றி, அடுத்த துண்டுக்கு நாவைத் தயார்படுத்துவது. எனவே, இரு துண்டுகளுக்கு இடையே இதனைத் தனியாக உண்பதே முறை.

நார் முற்றாத இளம் இஞ்சியே இதற்கு ஏற்றது. அதன் முனைகளில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி, வினிகரின் அமிலம் பட்டதும் இளஞ்சிவப்பாக மாறுகிறது. எலுமிச்சைச் சாற்றில் ஊறும் இளம் இஞ்சி நம் வீடுகளிலும் சிவப்பேறுவதற்குக் காரணம் இதுவே. முற்றிய இஞ்சியில் இந்த நிறமி மிகக் குறைவு. எவ்வளவு ஊறினாலும் அது வெளிர் மஞ்சளாகவே இருக்கும்.

ஆகவே, புட்டிகளில் விற்கப்படும் அடர்ந்த சிவப்பு இஞ்சியை வாங்குமுன் சேர்மானப் பட்டியலைப் படிப்பது அவசியம். அதில் 124 என்ற எண் இருந்தால் பொன்சோ 4ஆர் என்ற செயற்கை நிறம் சேர்க்கப்பட்டுள்ளது என்று பொருள். 120 என்பது கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கப்படும் நிறம். சைவ உணவினர் இதனைக் கவனிக்க வேண்டும். சர்க்கரைக்குப் பதிலாக அஸ்பர்டேம் (951) கலக்கப்பட்ட வகைகளும் உண்டு. பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

வீட்டில் தயாரிப்பதும் கடினமன்று. தோல் சுரண்டிய இஞ்சியை மெல்லியதாகச் சீவி, உப்பிட்டு அரை மணி நேரம் வைத்து, கொதிநீரில் ஓரிரு நிமிடங்கள் போட்டெடுத்துப் பிழிய வேண்டும். அரிசி வினிகரில் சர்க்கரை கரைத்துச் சூடாக்கி அதன்மேல் ஊற்றி, ஆறியபின் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். புளிப்பு மிகுதி எனக் கருதி வினிகரில் தண்ணீர் கலப்பது ஆபத்தானது. அமிலநிலை (பிஎச்) 4.6-க்கு மேல் உயர்ந்தால், காற்றுப்புகாப் புட்டியில் நச்சை உண்டாக்கும் போட்டுலினம் கிருமி வளர வாய்ப்புண்டு.

ஜப்பானிலேயே மற்றொரு வகை 'பெனி ஷோகா'. உமே காய்களை உப்பிட்டு ஊறவைக்கும்போது கிடைக்கும் சிவந்த புளிநீரில் குச்சிகளாக நறுக்கிய இஞ்சி ஊறுகிறது. மாட்டிறைச்சிச் சோறு, யாக்கிசோபா நூடுல்ஸ் ஆகியவற்றின் மீது இது தூவப்படும். ஹாங்காங்கில் பதப்படுத்திய வாத்து முட்டையுடன் ஊறவைத்த இஞ்சியை உண்பர். மியான்மரில் எலுமிச்சைச் சாற்றில் ஊறிய இஞ்சியை வறுத்த பயறு, எள், வேர்க்கடலையுடன் பிசைந்து உண்கின்றனர். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களுக்கு இது அந்நியமானதன்று.

கேரளத்தின் புளி இஞ்சியும், தமிழகத்திலும் கர்நாடகத்திலும் எலுமிச்சைச் சாற்றில் ஊறவைக்கப்படும் மாங்காய் இஞ்சியும் நமக்கு அருகிலுள்ளவை. பெயரில் இஞ்சி இருப்பினும் மாங்காய் இஞ்சி மஞ்சளின் இனத்தைச் சேர்ந்தது.

ஹாசன், சிவமொக்கா, குடகு மாவட்டங்களில் இஞ்சி பெருமளவில் பயிரிடப்படுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் நடப்படும் பயிரைச் சுக்குக்காக எடுக்க எட்டு மாதங்களுக்கு மேலாகும். நார் குறைந்த பச்சை இஞ்சியை ஆறாவது மாதம் முதலே எடுக்கலாம் என்பதால், காரி தயாரிக்க விரும்புவோர் அக்டோபர், நவம்பர் மாதங்களில் சந்தையில் இளம் இஞ்சியைத் தேடலாம்.