மஞ்சள்: சட்டிக்கு நல்லது, வெட்டுக் காயத்துக்குப் போதாது

நம் தோட்டங்களில் மஞ்சள் இல்லாத அடுப்படி இல்லை. மஞ்சளுக்கு நிறத்தைக் கொடுப்பது குர்குமின் என்ற பொருள். வீக்கத்தைத் தணிக்கும் குணம் அதற்கு உண்டு என்று ஆய்வுகூடச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். தனியாகச் சாப்பிட்டால் அது உடம்பில் அதிகம் சேராது. மிளகும் கொஞ்சம் எண்ணெயும் கூட இருந்தால் நன்றாகச் சேரும். நம்ம பாட்டிமார் ரசத்தில் மஞ்சளும் மிளகும் போட்டுத் தாளித்தது நல்ல பழக்கந்தான்.

ஆனால் கவ்வாத்துக் கத்தி பட்ட காயத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டு மலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இது ஆபத்து. மண் பட்ட காயத்தில் ஏற்புவலிக் கிருமி புகுந்தால் உயிரே போகலாம். மஞ்சள் அதைத் தடுக்காது. காயத்தைச் சவர்க்காரம் போட்டு, சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். சுத்தமான துணியால் கட்டி, அன்றைக்கே டிஸ்பென்சரிக்குப் போய் ஏற்பு ஊசி போட வேண்டுமா என்று கேளுங்கள். பச்சைப் பிள்ளையின் தொப்புளிலும் மஞ்சள் பூச வேண்டாம். சுத்தமாக, ஈரமில்லாமல் வைத்தால் போதும்.

அரைப் பேர் போகுமே என்று யோசிக்காதீர்கள். பேரை நாளைக்கும் போடலாம். உயிர் போனால் வராது.