ஏற்காட்டில் ஒரு ஹங்கேரி பலகாரம்!

"மாமா... இந்த கிறிஸ்துமஸுக்கு எனக்கு பெய்க்லி வேணும்!"

ஏழு வயசு அக்கா மகள் கேட்டபோது ஏதோ பொம்மை என்று நினைத்து, "அதுக்கென்ன, சேலம் கடைவீதியில வாங்கிட்டாப் போச்சு" என்று சொல்லித் தொலைத்தேன். தாய்மாமன் வாக்கு! அப்புறம்தான் தெரிந்தது, அந்தக் கடைவீதி ஹங்கேரியில் இருக்கிறது.

மச்சானுக்கு புடாபெஸ்டில் நாலு வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. இப்போது எல்லோரும் ஏற்காட்டில், மச்சானின் பூர்வீக வீட்டுக்கே வந்துவிட்டார்கள். பெய்க்லி என்பது ஹங்கேரிக்காரர்களின் கிறிஸ்துமஸ் பலகாரம். மாவைப் பாய் மாதிரி விரித்து, இனிப்பான கசகசா பூரணத்தையோ வால்நட் பூரணத்தையோ தடவி, சுருட்டி, 'அவனில்' வேகவைப்பது. கசகசா செல்வம் தருமாம், வால்நட் கெட்டதை விரட்டுமாம். அதனால் இரண்டையும் ஜோடியாகத்தான் செய்வார்கள்.

இதுவரை சுலபம். சிக்கல் மாவில்!

என் மருமகளுக்கு 'சீலியாக்' என்று ஒரு கோளாறு. கோதுமை, பார்லி, ரை இவற்றில் இருக்கும் 'குளூட்டன்' என்கிற புரதம் உள்ளே போனால், உடம்பு தன் குடலையே எதிரியாக நினைத்துத் தாக்கும். சத்தை உறிஞ்சுகிற நுண்ணிய குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோகும். வயிற்றுவலி, பேதி, ரத்தசோகை, வளர்ச்சி குன்றுவது... வரிசையாக வரும். மருந்து, மாத்திரை கிடையாது. ஆயுசுக்கும் குளூட்டனைத் தொடக்கூடாது. அவ்வளவுதான் வைத்தியம்.

"நம்ம ஊர்ல அரிசிதானே சாப்பிடறோம், என்ன கஷ்டம்?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அக்கா ஒரு லிஸ்ட் வாசித்தாள். மைதா, ரவை, சேமியா... எல்லாம் கோதுமையின் பிள்ளைகள். பரோட்டா, பிஸ்கட், கேக் அவுட். மால்ட் போட்ட சத்து பானம் பார்லி. கட்டிப் பெருங்காயத்தில்கூட பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். சாம்பாரே சந்தேகக் கேஸ்!

போன கிறிஸ்துமஸில் உறவுக்கார ஆன்ட்டி ஒருவர் ரோஸ் குக்கி நீட்டினார். நம்ம அச்சு முறுக்குதான். அரிசிமாவு, தேங்காய்ப்பாலில் செய்தால் பிரச்னையே இல்லை. அவர் மொறுமொறுப்புக்கு மைதா சேர்த்திருந்தார். "ஒண்ணே ஒண்ணுதானே, ஒண்ணும் ஆகாது" என்று வாயில் ஊட்டியும் விட்டார். புத்தாண்டு வரைக்கும் குழந்தை படுத்த படுக்கை. அன்றிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் அவள் பலகாரத் தட்டைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, ஆபீசுக்கு நாலு நாள் லீவ் போட்டுக் களத்தில் இறங்கினேன்.

சேலத்தில் ரெண்டு கிலோ பச்சரிசியை மில்லில் அரைத்துக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, குளிரில் நடுங்கியபடி அக்கா வீட்டில் பையை வைத்தேன். முதல் கேள்வி: "எங்கே அரைச்சே?"

"மில்லுல."

"உனக்கு முன்னாடி அந்த மெஷின்ல அரைச்சது என்ன?"

யோசித்தேன். ஒரு தாத்தா, கோதுமை! ரெண்டு கிலோ மாவும் பக்கத்து வீட்டுக்குப் புட்டு செய்யப் போய்விட்டது.

புது அரிசி வாங்கி வீட்டு மிக்ஸியிலேயே அரைத்தோம். தெரிந்த பேக்கரிக்காரர், "நம்ம அவன்லயே வெச்சுத் தர்றேன் சார்" என்றார். நல்ல மனுஷர். ஆனால் அங்கே காற்றிலேயே மைதா பறக்கிறது. கும்பிட்டுவிட்டு வந்தோம். சந்தேகம் கிளப்புவதாக நினைக்காதீர்கள். குளூட்டன் இல்லை என்று லேபிள் ஒட்ட நம் நாட்டுச் சட்டமே கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் கூடாது என்கிறது. கண்ணுக்கே தெரியாத அளவு!

முதல் பெய்க்லி, கோடையில் வறண்ட ஏரி மாதிரி வெடித்தது. காரணம் இருக்கிறது. மாவை ரப்பர் மாதிரி இழுபட வைப்பதே குளூட்டன்தான். அது இல்லாவிட்டால் அரிசிமாவு உதிரும். இழுவைக்கு வேறு ஏதாவது வேண்டும்.

அந்த 'வேறு ஏதாவது' எங்கள் காலடியிலேயே கிடந்தது. மரவள்ளி ஸ்டார்ச்! மலையிறங்கினால் சேலம் முழுக்க ஜவ்வரிசி ஆலைகள்தானே? இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரவு நின்றுபோனபோது, 1940களில் இங்கே பிறந்த தொழில் இது.

அதே போர்தான் இந்த நோயின் மர்மத்தையும் உடைத்தது என்பது ஆச்சரியம். ஹாலந்தில் டிக்கி என்ற குழந்தைகள் டாக்டருக்குக் கோதுமை மேல் முன்பே சந்தேகம். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ஊரே ரொட்டியில்லாமல் தவிக்க, இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்தது, நோயும் திரும்பியது. 1950ல் தன் ஆய்வேட்டில் இதை எழுதி வைத்தார்.

அடுத்தது சாமை. சேர்வராயன் மலையில் மலையாளி மக்கள் (கேரளா இல்லை சார், தமிழ் பேசும் பழங்குடியினர்) தலைமுறை தலைமுறையாக விதைக்கிற தானியம். மூன்றாவது ஆயுதம், மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய இசப்கோல். ஆமாம், மலச்சிக்கலுக்குத் தருகிற அதேதான்! தண்ணீர் பட்டால் வழவழவென்று மாவைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறது. கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்ததைப் பொறுத்துக்கொண்டேன்.

செய்முறை: அரிசிமாவு 200 கிராம், சாமை மாவு 100, மரவள்ளி ஸ்டார்ச் 100, இசப்கோல் உமி 15, வெண்ணெய் 150, முட்டை ஒன்று, சர்க்கரை ரெண்டு ஸ்பூன், கொஞ்சம் கொஞ்சமாகப் பால். பிசைந்து ஒரு மணி நேரம் குளிரில் வையுங்கள் (ஏற்காட்டில் ஜன்னல் திட்டே போதும்). 200 கிராம் கசகசாவைப் பொடித்து, 100 கிராம் சர்க்கரை, பால், திராட்சை, எலுமிச்சைத் தோல் துருவல் சேர்த்துக் கெட்டியாகக் கிளறினால் பூரணம் ரெடி. மாவை ரெண்டாகப் பிரித்து, போளி தட்டுவது போல வாழையிலையில் விரித்து, பூரணம் தடவி, இலையைத் தூக்கியே சுருட்டுங்கள். மேலே மஞ்சள் கரு தடவிக் காயவிட்டு, பிறகு வெள்ளைக் கரு. ஊசியால் அங்கங்கே குத்தி, 180 டிகிரியில் 35 நிமிஷம்.

மூன்றாவது தடவை வெடிக்கவில்லை. மேல்தோல் பளிங்கு மாதிரி மின்னியது!

ஒரு விஷயம். 2016ல் வெளியான ஓர் ஆய்வின்படி, நம் நாட்டில் இந்த நோய் வடக்கே அதிகம், தெற்கே மிகக் குறைவு. அரிசிச் சோறு செய்த புண்ணியம்! ஆனால் ராத்திரி தோறும் சப்பாத்தி, பரோட்டா என்று நாமும் மாறிக்கொண்டிருக்கிறோம். தீராத பேதி, காரணம் தெரியாத ரத்தசோகை என்றால் டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டு டெஸ்டுக்குப் போகாதீர்கள், ரிசல்ட் தப்பாக வரலாம்.

கிறிஸ்துமஸ் அன்று அதே ஆன்ட்டி வந்திருந்தார். என் மருமகள் ஜன்னலைப் பார்க்கவில்லை. பெய்க்லித் தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக அவரிடம் போனாள். "எனக்கு சுகர் இருக்கேம்மா..." என்று அவர் தயங்கினார்.

இவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"ஒண்ணே ஒண்ணுதானே ஆன்ட்டி... ஒண்ணும் ஆகாது!"