அஷ்ரஃப் விட்டுச் சென்ற ஐந்து வீதம்

ஒவ்வொரு செப்டெம்பர் 16 இலும் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃபை நினைவுகூரும்போது, ஒலுவில் துறைமுகத்தையும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் பற்றியே அதிகம் பேசுகிறோம். அவை கண்ணுக்குத் தெரிபவை. ஆனால் அவரது அரசியல் வாழ்வின் மிகப் பெரிய சாதனை கண்ணுக்குத் தெரியாத வெட்டுப்புள்ளி மாற்றமே என்பது எனது கருத்து.

1978 அரசியலமைப்பின்படி, ஒரு தேர்தல் மாவட்டத்தில் அளிக்கப்பட்ட வாக்குகளில் எட்டில் ஒன்றை, அதாவது 12.5 வீதத்தைப் பெறாத கட்சி ஆசனப் பங்கீட்டில் சேர்க்கப்படாது. 2 இலட்சம் வாக்குகள் அளிக்கப்பட்ட மாவட்டத்தில் 24,000 வாக்குகள் பெற்ற கட்சியும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். மீதி வாக்குகளின் அடிப்படையில் கிடைக்கக்கூடிய ஆசனமும் அதற்கு இல்லை.

1988 நவம்பரில் நடந்த வடக்கு கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் 17 ஆசனங்களை வென்றது. அடுத்த மாதமே ஜனாதிபதித் தேர்தல். ஆதரவு தேடிய ரணசிங்க பிரேமதாசவிடம் அஷ்ரஃப் முன்வைத்த கோரிக்கை இந்த வெட்டுப்புள்ளியைக் குறைக்க வேண்டும் என்பதுதான். டிசம்பர் 17 இல் 15ஆவது திருத்தம் அதை 5 வீதமாக்கியது. இரண்டு நாட்களில் தேர்தல் நடந்தது. அப்போது சம்மாந்துறையில் பிறந்த இந்தச் சட்டத்தரணி பாராளுமன்றத்தில் ஒரு நாளும் அமர்ந்ததில்லை. 1989 பெப்ரவரியில்தான் அம்பாறை மாவட்டத்திலிருந்து அவர் தெரிவானார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முஸ்லிம்கள் சுமார் நாற்பது வீதமாக வாழும் அம்பாறைக்கு 12.5 வீதம் பெரிய தடையல்ல. முஸ்லிம்கள் சிதறி வாழும் மாவட்டங்களுக்கே அது மதில். ஐந்து வீதம் ஆசனத்தை உறுதிப்படுத்தாது. பங்கீட்டில் நிற்கும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமை முஸ்லிம்களுக்கு மட்டுமானதல்ல. நாட்டின் எல்லாச் சிறிய கட்சிகளும் அதன் நிழலில் நின்றன.

2020 ஜனவரியில் வெட்டுப்புள்ளியை மீண்டும் 12.5 ஆக்கும் தனிநபர் சட்டமூலம் வர்த்தமானியில் வெளியானது. அது நிறைவேறவில்லை. ஆனால் தேர்தல் முறை மாற்றம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இந்த இலக்கமும் மேசைக்கு வரலாம்.

எமது பிரதிநிதிகளிடம் வீதியும் தொழிலும் கேட்கிறோம். தவறில்லை. ஆனால் சட்டமூலம் வரும் நாளில் அதன் வாசகத்தை வாசித்தார்களா என்றும் கேட்போம். அஷ்ரஃப் வாசித்தார். அல்லாஹ் அன்னாரைப் பொருந்திக்கொள்வானாக.