துப்பாக்கியும் அதன் கட்டையும்

துப்பாக்கி என்றவுடன் நம் நினைவிற்கு வருவன இரும்புக் குழலும், அதனின்று வெளிப்படும் தீயும் ஒலியுமேயாம். அவ்விரும்பைத் தாங்கி நிற்கும் கட்டையை நினைப்பார் மிகச் சிலர். தோளிற் பொருத்துதற்கும் கையாற் பற்றுதற்கும் அமைந்ததொரு பிடியே அஃதெனக் கருதுவாரும் உளர். அக்கருத்துப் பொருந்தாதென்பதை, அமெரிக்க நாட்டிற் பெரிதும் வழங்கும் ரெமிங்டன் 700 என்னும் துப்பாக்கியைக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

இத்துப்பாக்கி 1962-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னிழுத்து, முன்தள்ளிக் கீழே மடக்கித் தாழிடும் 'போல்ட்' வகையைச் சார்ந்தது. கதவின் தாழ்ப்பாளை ஒப்ப இயங்குவதென்று கொள்க. 1966-இல் அமெரிக்க மரீன் படையினர் இதனை எம்40 என்னும் பெயரால் ஏற்று வியட்நாம் போருக்குக் கொண்டு சென்றனர். அதன் கட்டை மரத்தாலாயது. அந்நாட்டின் மழையிலும் ஈரக்காற்றிலும் மரம் பருத்து முறுகவே, குறியும் பிறழலாயிற்று. ஆதலின் 1970-க்குப் பிந்திய ஆண்டுகளில், கண்ணாடியிழையாலாகிய மக்மில்லன் கட்டைகளை அமைத்துத் திருத்திய துப்பாக்கிகளை எம்40ஏ1 என வழங்கினர்.

கட்டையால் குறி மாறுதற்குக் காரணம் யாது? ரவை குழலைக் கடக்கும் சிறு பொழுதில் குழல் முழுதும் அதிர்கின்றது. அவ்வதிர்வு ஒவ்வொரு முறையும் ஒரே படித்தாயின் ரவைகள் ஓரிடத்தை நாடிச் செல்லும். மீட்டிய வீணைத் தந்தியை விரலால் தீண்டின் ஒலி வேறுபடுதல்போலப் பருத்த மரம் குழலை ஒருபுறம் தீண்டின் அதிர்வும் வேறுபடும். மரம் தன் நாரின் நெடுக்கே மிகச் சிறிதே நீளும். குறுக்கே பெரிதும் பருக்கும். மழைக்காலத்துக் கதவு நிலையிற் பற்றிக்கொள்ளுதல் யாவரும் அறிந்ததே. மேற்பூசும் மெருகு ஈரம் புகுதலைத் தாழ்த்துமேயன்றி அறவே தடுக்கமாட்டாது.

இனி, புதுக்கட்டை பொருத்தும் முறையைக் கூறுவாம். முதற்கண் துப்பாக்கியுள் தோட்டா இல்லையென்பதைக் கண்ணாலும் விரலாலும் தேர்ந்து, போல்டைக் கழற்றி வைத்தல் வேண்டும். அடிப்புறத்துள்ள இரு திருகாணிகளை நீக்கின் இரும்பு கட்டையினின்று பெயரும். குழல் பின்னுறுப்போடு கூடுமிடத்திற் கீழ்நோக்கி நிற்கும் எஃகுத் தகடு ஒன்றுண்டு. வெடியின் உதைப்பைக் கட்டைக்கு ஊட்டுவது அதன் பின்முகமே. ஆகலின் அம்முகம் கட்டையிலுள்ள பள்ளத்தின் பின்சுவரோடு நன்கு படிதல் வேண்டும். முன்னும் பக்கங்களிலும் அடியிலும் சிறிது வெளியிருத்தல் நலம்.

படிவை அறிதற்கு இரும்பின் அடியிற் கரும்பூச்சு மெல்லெனத் தடவிக் கட்டையில் வைத்தெடுப்பர். மேடான இடங்களிற் கறை படியும். அவற்றைச் சிறிது சிறிதாகச் சுரண்டி மீண்டும் வைத்துப் பார்ப்பர். விரைவார்க்கு இவ்வேலை கைகூடாது. சுரண்டிய மரம் மீளாது. எஞ்சிய இடைவெளியை எபாக்சிப் பசையால் நிரப்புவாரும் உளர். அவர் இரும்பின்மேல் மெழுகு பூச மறப்பின் இரும்பும் கட்டையும் பிரியாது ஒன்றாய்விடும். திருகாணித் துளைகளில் அலுமினியக் குழாய்களை இடுவது, இறுக்குங்கால் கட்டை நசுங்காமைப் பொருட்டாம். இறுக்கும் அளவு கட்டை செய்தோர் குறித்ததாகவே இருத்தல் வேண்டும்.

பின்னர்ச் சோதனைகள் மூன்று. குழலுக்கும் கட்டைக்கும் இடையே காகித நறுக்கொன்று தடையின்றி ஓடுதல் வேண்டும். முன் திருகாணியைத் தளர்த்துங்கால் குழல் கட்டையினின்று எழும்பினால், இரும்பு வளைந்து இறுகியுள்ளதென்று அறிக. மூன்றாவதாக, விசையும் காப்புத் தாழும் போல்டின் கைப்பிடியும் கட்டையில் உராய்தல் கூடாது. விசை உராயின் அது தன்னிலைக்கு மீளாமற் போதலும் உண்டு. இவையெல்லாம் முடிந்தபின்னும் பழைய குறியை நம்பாது, இலக்கில் எய்து புதிதாகக் குறி அமைத்தல் வேண்டும்.

இத்துணை நுணுக்கம் எற்றுக்கெனின், கணக்கே விடை பகரும். 24 அங்குலக் குழல் சாய்ந்து, அதன் நுனி ஓரங்குலத்தின் நூற்றிலொரு கூறு விலகுமாயின், ரவை 100 கெஜத்தில் ஒன்றரை அங்குலமும் 300 கெஜத்தில் நாலரை அங்குலமும் விலகும். நாலரை அங்குலம் தவறிய ரவை மானை வீழ்த்தாது புண்படுத்தலாகும். அப்புண்ணோடு அது புதருட் புகுந்து, காண்பாரின்றி நெடும்பொழுது வருந்திச் சாகும். வேட்டையாடுதல் தகுமா தகாதா என்பது வேறு வழக்கு. ஆடத் துணிந்தவன், தான் எய்யும் உயிர்க்கு வீண் துன்பம் இழையாதிருக்கக் கடமைப்பட்டவன் என்பதில் ஐயமில்லை. அக்கடமை அவன் காட்டிற் புகுமுன்னரே, கட்டையைச் சுரண்டும் மேசையிற் றொடங்குகின்றது.