பழைய ஸ்விட்ச் வாங்கினாலும் பில் உண்டு, உரிமையும் உண்டு

சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் சான்றிதழான சிசிஎன்ஏ படிக்கும் மாணவர்களில் பலருக்கு, வீட்டில் சொந்தமாக ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் இருக்க வேண்டும் என்ற ஆசை சீக்கிரமே வந்துவிடும். நியாயமான ஆசைதான். ஆனால் விலான், டிரங்க், ஸ்பானிங் ட்ரீ போன்ற அடிப்படைகளை சிஸ்கோ இலவசமாகத் தரும் பாக்கெட் டிரேசர் மென்பொருளிலேயே போட்டுப் பார்க்கலாம். கேபிளைச் செருகி, கன்சோலில் நுழைந்து, மறந்த கடவுச்சொல்லை மீட்டுப் பழகத்தான் நிஜப் பெட்டி தேவை.

மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் அன்மேனேஜ்டு ஸ்விட்சில் அமைப்பு எதையும் மாற்ற முடியாது. டிபி-லிங்க்கின் டிஎல்-எஸ்ஜி108இ போன்ற ஸ்மார்ட் ஸ்விட்சில் விலான் உண்டு, ஆனால் சிஸ்கோ கட்டளைகளைப் பழக முடியாது. அதற்கு அலுவலகங்கள் கழித்துவிட்ட சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 போதும். 3560 என்றால் விலான்களுக்கிடையே ரவுட்டிங்கும் செய்து பார்க்கலாம். 24 போர்ட் மாடல்களில் பலவற்றின் விசிறி இரைச்சல் ஒரே அறை வீட்டில் தூங்கவிடாது. விசிறியே இல்லாத 8 போர்ட் மாடல்களைத் தேடுவது நல்லது.

பெயரை மட்டும் பார்த்து நம்பிவிடக் கூடாது. 2019-ல் ஒரு நிறுவனத்தில் மென்பொருளைப் புதுப்பித்ததும் கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ் ஸ்விட்சுகள் வேலை செய்யாமல் நின்றன. அவற்றை ஆராய்ந்த சைபர் பாதுகாப்பு நிறுவனமான எஃப்-செக்யூர், அவை போலி என்று 2020 ஜூலையில் அறிவித்தது. அசல்தானா என்று பார்க்கும் உள்சோதனையை ஏமாற்றும்படி அவை செய்யப்பட்டிருந்தன. தொழில்முறையில் வாங்குகிறவர்களுக்கே இந்த நிலை!

ஆகவே மின்னணுக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் லேப்டாப்பும் கன்சோல் கேபிளும் கூடவே போகட்டும். 'ஷோ வெர்ஷன்' கட்டளை காட்டும் வரிசை எண்ணும் பெட்டியின் ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு போர்ட்டிலும் கேபிளைச் செருகிப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பழைய அலுவலகத்தின் அமைப்புகளை 'ரைட் இரேஸ்' போட்டு அழித்து, 'விலான்.டேட்' கோப்பையும் நீக்கிவிட வேண்டும். பல பழைய மாடல்களுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வருவதில்லை. அவற்றை நேராக இணையத்தில் இணைக்காமல் வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் வைப்பதே பாதுகாப்பு.

பழைய பொருளுக்கு பில் கிடையாது என்று கடைக்காரர் சொன்னால் அப்படியே விட்டுவிட வேண்டியதில்லை. பில் தர மறுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. ஆன்லைன் விற்பனையாளரும் பழுதான, போலியான, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க மறுக்க முடியாது என்கின்றன 2020-ன் மின்வணிக விதிகள். தனிநபர் தன் வீட்டுப் பொருளை விற்றால் இந்தச் சட்டம் பெரும்பாலும் கைகொடுக்காது. அதனால் கொஞ்சம் கூடுதல் விலையானாலும் கடையில் வாங்குவது மேல்.

சிக்கல் வந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் இல்லாமலும் வழக்காடலாம். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், விற்றவருடன் பேசிய வாட்ஸ்அப் செய்திகள், 'ஷோ வெர்ஷன்' திரையின் படம் எல்லாம் அந்த மனுவோடு போக வேண்டிய சான்றுகள்.