பீரங்கி வண்டியும் பத்துச் சக்கர டிப்பரும்

ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையின் அர்ஜுன் மார்க் 1ஏ பீரங்கி வண்டி சுமார் 68 டன் எடை கொண்டது. அத்திப்பட்டில் அனல்மின் நிலையச் சாம்பல் ஏற்றிக்கொண்டு பொன்னேரி வழியாகத் தச்சூர் கூட்டுச்சாலைக்குப் போகும் பத்துச் சக்கர டிப்பருக்குச் சட்டம் அனுமதிக்கும் மொத்த எடை 28.5 டன். இரண்டில் எது சாலையை அதிகம் அழுத்தும்?

டிப்பர்தான். பீரங்கி வண்டியின் எடை இரண்டு அகலமான சங்கிலிப் பட்டைகளில் பரவிவிடுகிறது. அர்ஜுன் ரகத்தில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோதான். லாரி டயரில் அது 7 கிலோவைத் தாண்டும். ஆனால் பட்டையின் இரும்பு, வண்டி திரும்பும்போது தாரைச் சுரண்டி எடுத்துவிடும். அதனால் பட்டையில் ரப்பர் திண்டுகள் பொருத்துகிறார்கள். தொலைதூரப் பயணம் என்றால் ரயில், அல்லது டிரெய்லர். டிரெய்லரில் ஏறிவிட்டால் பீரங்கி வண்டியும் லாரிச் சரக்குதான். அதன் எடை முழுவதும் ஆக்சில்களில் இறங்கும்.

ஆக்சில் எடை சாலையை எப்படித் தின்கிறது என்பதைக் கண்டறிய, அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கருகே 1958 முதல் 1960 வரை ஒரு பெரும் சோதனை நடந்தது. இதற்கென்றே போட்ட தடங்களில் சுமை லாரிகள் ஈராண்டு சுற்றிச்சுற்றி வந்தன. ஓட்டியவர்கள் ராணுவ வீரர்கள். சேதம் எடைக்குச் சமமாக ஏறுவதில்லை, ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்காக ஏறுகிறது என்பது அதில் கிடைத்த முடிவு. ஆக்சில் எடை இரட்டித்தால் சேதம் 16 மடங்கு.

இந்தியாவில் நான்கு டயர் கொண்ட ஒற்றை ஆக்சிலுக்கான வரம்பு 2018இல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. பார்வைக்கு 13 சதவீதம்தான். நான்காம் அடுக்கில் கணக்கிட்டால் சேதம் 60 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. எப்போதோ ஒருமுறை வரும் பீரங்கி டிரெய்லர் இந்தக் கணக்கில் துளி. எண்ணூர் துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் நாள் முழுக்க ஓடும் வண்டிகளே சாலையின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. பீரங்கி டிரெய்லரும் இதே சாலையில்தான் போக வேண்டும். ஆகவே எடைமேடையில் ஓவர்லோடு வண்டியை நிறுத்துவதும் ராணுவத்துக்காகச் சாலையைப் பேணும் வேலைதான்.

அடுத்த எதிரி தண்ணீர். ஐப்பசி மழையில் தாரின் விரிசல் வழியே இறங்கும் நீர், அடியிலுள்ள மண்ணைச் சேறாக்குகிறது. மேலே டயர் ஏறும்போதெல்லாம் அந்தச் சேறு விரிசல் வழியே பீய்ச்சியடிக்க, அடித்தளம் வெறுமையாகிப் பள்ளம் விழுகிறது. வடிகாலைத் தூர்வாராமல் பள்ளத்துக்கு மட்டும் ஒட்டுப்போட்டால் அடுத்த மழை வரைதான் தாங்கும்.

பாலங்களில் கணக்கு மாறும். அங்கே ஒரே ஒரு பெரும்பாரமும் முக்கியம். அதனால்தான் இந்தியச் சாலைப் பாலங்களின் வடிவமைப்பு விதிகளில் பீரங்கி வண்டி எப்போதோ நுழைந்துவிட்டது. ‘70ஆர்’ என்ற சுமை வகை, 70 டன் சங்கிலிப் பட்டை வண்டியையும் 100 டன் சக்கர வண்டியையும் கற்பனை செய்துகொள்கிறது. ஒரு பட்டை வண்டிக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது 90 மீட்டர் இடைவெளி என்றும் விதி உண்டு. மேம்பாலத்தில் ஏறும்போது ‘தடக்’ என்று கேட்கிறதே, அந்த விரிவு இணைப்பு சிதைந்திருந்தால் சக்கரம் பாலத்தைச் சுத்தியலாக அடிக்கும். அதைச் சரியாக வைத்திருப்பது பராமரிப்பில் பாதி.

தச்சூரைக் கடந்து கும்மிடிப்பூண்டி வழியே வடக்கே போகும் தேசிய நெடுஞ்சாலை 16, ஆந்திரத்தின் பாபட்லா மாவட்டத்தில் விமான ஓடுதளமாகவே மாறுகிறது. அங்கே 4.1 கிலோமீட்டர் நீளம், 33 மீட்டர் அகலத்தில் கான்கிரீட் தளம் போட்டிருக்கிறார்கள். 2024 மார்ச் 18 அன்று விமானப்படையின் ஏ.என்.32, டோர்னியர் விமானங்கள் அதில் இறங்கி ஏறின. சுகோய் போர் விமானங்கள் தாழப் பறந்து சென்றன.

மற்ற நாள்களில் அதே தளத்தில் ஓடுவது கொல்கத்தா லாரிகள். ஜெட் என்ஜின் காற்றோடு சேர்த்துக் கல்லையும் உறிஞ்சும். உள்ளே சுழலும் தகடு ஒரு சிறு கல்லுக்கே உடையக்கூடும். அதனால் விமானம் வருமுன் தளத்தைப் பெருக்குகிறார்கள், முன்னே போன டிப்பர் சிந்திய ஜல்லி ஒன்றுகூட அங்கே கிடக்கக் கூடாது என்பதற்காக.