அதே கால், அதே உயரம், மறுபடியும்
களரியில் வாள் கைக்கு வருவதற்கு முன் காலைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு இனி யாருக்குப் பொறுமை?

வாள்வீச்சைப் பார்க்கும் ஆசையோடு வட கேரளத்துக் களரி ஒன்றுக்குள் நுழைபவருக்கு முதல் ஒரு மணி நேரம் கொட்டாவி வரலாம். தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிய மண்குழி. மரபுப்படி 42 அடி நீளம், 21 அடி அகலம். தென்மேற்கு மூலையில் ஏழு படிகள் கொண்ட பூத்தறை, அதில் விளக்கு. எண்ணெய் பூசிய உடம்போடு பையன்களும் பெண்களும் வலது காலை முன்வைத்து இறங்குகிறார்கள். மண்ணைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்கிறார்கள். பிறகு காலைத் தூக்குகிறார்கள். முட்டி மடங்கக் கூடாது. மேலே உயர்த்திய கையைப் பாதம் எட்ட வேண்டும். ஓர் அடி முன்வைத்து அடுத்த கால். குழியின் மறுகோடி வந்ததும் திரும்பி அதே உதை. நேர்கால் முடிந்தால் கோண்கால். நேற்றும் இதுதான், நாளையும் இதுதான்.

தமிழில் 'களரிப்பயட்டு' என்று எழுதிப் பழகிவிட்டார்கள். 'பயிற்று' என்று எழுதியிருந்தால் விஷயம் பெயரிலேயே விளங்கியிருக்கும். சண்டை என்ற சொல்லே அதில் இல்லை.

குருக்கள் எதையும் செய்து காட்டுவது குறைவு. அவர் சொல்கிறார், மாணவர்கள் செய்கிறார்கள். 'வாய்த்தாரி' எனப்படும் இந்தச் சொல்வரிசை தமிழ்க் காதுக்கும் பாதி புரியும். 'வலிஞ்ஞு', 'அமர்ந்நு', 'நிவர்ந்நு'. இழுத்து நீண்டு, தாழ்ந்து, நிமிர்ந்து. தமிழ் இலக்கணக் கண்ணோடு பார்த்தால் எல்லாம் வினையெச்சங்கள். வாக்கியம் முடிகிற மாதிரி இருந்து முடிவதில்லை. உடம்பும் அப்படித்தான், ஓர் அசைவில் நின்று மூச்சு வாங்க இடமில்லை, அடுத்ததற்குள் போயாக வேண்டும்.

புதிதாக வந்தவர் சொல்லைக் கேட்டு, நினைவுபடுத்தி, பிறகு அசைகிறார். அந்த இடைவெளி பளிச்சென்று தெரியும். நூற்றுக்கணக்கான தடவை செய்தபின் அது மறைகிறது. ஆனால் அப்போதுதான் இன்னொரு ஆபத்து தொடங்குகிறது. வரிசை மனப்பாடமாகிவிட்டதால் சொல் வருமுன்னே கால் கிளம்பிவிடும். குருக்கள் சும்மா இருப்பாரா? திடீரென வேகத்தைக் கூட்டுவார். தாழ்ந்த நிலையில் தொடை நடுங்கும்வரை அடுத்த சொல்லைச் சொல்லாமல் வைத்திருப்பார். மனப்பாடம் செய்தவர் அங்கே மாட்டிக்கொள்வார். கிளிப்பிள்ளைப் பாடம் என்று இதை ஏளனம் செய்பவர்கள் கவனிக்காத இடம் இது. 'மெய் கண்ணாக வேண்டும்' என்று களரியில் சொல்வார்கள். அமெரிக்க நாடக அறிஞர் ஃபிலிப் ஸாரில்லி 1970களில் திருவனந்தபுரத்துக்கு வந்து களரி பயின்றவர். 1998இல் வெளியான தன் ஆய்வுநூலுக்கு அவர் வைத்த தலைப்பே இந்த வழக்குதான்.

யானை, சிங்கம், பன்றி, பூனை என்று தொடங்கும் எட்டு வடிவுகளும் மெய்ப்பயிற்றும் கைவந்த பிறகே கோல். அதற்குப் பிறகு வாள், கேடயம் முதலிய உலோக ஆயுதங்கள். வெறுங்கை கடைசியில். ஆனால் ஆயுதம் வந்தாலும் கூறியது கூறல் ஓய்வதில்லை. ஜோடிப் பயிற்சியில் அடுத்த அடி எங்கே விழும் என்பது இருவருக்கும் தெரியும். அடி வாங்கத் தெரியாதவன் எப்படிச் சண்டைக்காரன் ஆவான் என்று குத்துச்சண்டை, ஜூடோ பழகியவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. முழு வேகத்தில் வரும் கோலுக்கு ஒரு கணம் தாமதித்தால் விரல் போய்விடும் என்ற பதில் உண்மைதான், ஆனால் முழுப் பதில் அல்ல. அங்கச் சேவகர்கள் உயிரைப் பணயம் வைத்து மோதிய காலத்தில் அந்தச் சோதனை களரிக்கு வெளியே காத்திருந்தது. இன்று அப்படி எதுவும் காத்திருக்கவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஒடுங்கிப் போன இந்தக் கலையை, கோட்டக்கல் கணாரன் குருக்களின் மாணவர் சி.வி. நாராயணன் நாயர் (1905-1944) பொதுமேடைகளில் செய்து காட்டியே மீட்டார். மேடைதான் காப்பாற்றியது, மேடைதான் இன்று கெடுக்கிறது என்றும் சொல்லலாம். சுற்றுலாப் பயணிக்கு உறுமியில் பறக்கும் தீப்பொறி போதும். காலைத் தூக்கும் ஆறு மாதங்களுக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்?

இப்போது பதக்கமும் சேர்ந்துகொண்டது. 2023 கோவா தேசிய விளையாட்டுகளில் களரி போட்டிப் பிரிவாக இருந்தது. 2025இல் உத்தராகண்டில் வெறும் காட்சி விளையாட்டாக இறக்கப்பட்டதால் கேரளத்தில் அதிருப்தி. போட்டியில் மெய்ப்பயிற்றுக்கே மதிப்பெண் உண்டு என்பது ஆறுதல். ஆனால் நடுவர் முன் அதை எந்த வேகத்தில் செய்வது என்பதைச் செய்பவரே முடிவு செய்துகொள்ளலாம். சொல்லுக்காகக் காத்திருக்கும் அந்த நடுக்கம் அதில் எப்படி வரும்?

வடகரையில் மீனாட்சி அம்மா ஏழு வயதில் களரிக்குள் இறங்கியவர். 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அவருடைய கடத்தநாடன் களரி சங்கத்தில் கட்டணம் கிடையாது, முடிந்ததைக் குருதட்சிணையாகக் கொடுக்கலாம். மழைக்காலத்து விடியலில் அங்கேயும் முதலில் விளக்கு, பிறகு எண்ணெய், பிறகு நேர்கால்.